தள்ளுபடியா, வாங்குவதை எளிதாக்குவதா? வீட்டுப் பலகாரத் தொழில் செய்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே, வீட்டில் வைத்து முறுக்கு, தட்டை, அதிரசம், பொடி வகைகள் செய்து விற்பவர்களுக்கு ஒரு கேள்வி வந்துவிடும். விற்பனையைக் கூட்ட பத்தாயிரம் ரூபாய் ஒதுக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எதில் போடுவது? பத்து சதவீதம் தள்ளுபடி தரலாம். டெலிவரியை இலவசமாக்கலாம். சொந்தமாக ஒரு வெப்சைட் போடலாம். அமேசான் மாதிரி தளத்தில் கடை திறக்கலாம். வீடியோ எடுக்கத் தெரிந்தவரைக் கூப்பிட்டு நாலு ரீல்ஸ் போடலாம். நிறையப் பேர் முதலாவதைத்தான் எடுக்கிறார்கள். பக்கத்துக் கடையில் தள்ளுபடி போர்டு தொங்குகிறது, நாமும் போடாவிட்டால் ஆள் வராது என்ற பயம்தான் காரணம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலையைக் குறைப்பதற்கு முன்னால் வாங்குகிறவரின் அலைச்சலைக் குறைக்க வேண்டும். சிறு தொழிலில் நழுவிப்போகும் ஆர்டர்களில் பெரும்பங்கு விலை கூடுதல் என்பதால் நழுவுவதில்லை. விலை தெரியவில்லை, பதில் வரவில்லை, எப்போது கைக்கு வரும் என்று புரியவில்லை, பணம் கட்டுவதில் குழப்பம் என்று வழியிலேயே நின்றுபோகிற ஆர்டர்கள்தான் அதிகம். தள்ளுபடியால் இதில் எதுவும் சரியாகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிலோ முறுக்கு 400 ரூபாய், எல்லாச் செலவும் போக 120 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். பத்து சதவீதம் தள்ளுபடி என்றால் 40 ரூபாய் போகும். வாங்குகிறவர் கண்ணுக்கு அது பத்தில் ஒரு பங்கு. உங்களுக்கோ லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 100 கிலோ விற்று வந்த 12,000 ரூபாயை மறுபடி பார்க்க இப்போது 150 கிலோ விற்க வேண்டும். அந்தக் கூடுதல் 50 கிலோவுக்கு மாவு அரைக்க வேண்டும், பிழிய வேண்டும், எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்க வேண்டும். உங்களிடம் உள்ள அடுப்பு இரண்டு, கைகள் நான்கு. தீபாவளிக்கு முந்தின வாரத்தில் குறைவாக இருப்பது வாங்குகிறவர்கள் அல்ல, நேரம்தான். நேரமே பற்றாத வாரத்தில் விலையைக் குறைத்து இன்னும் கூட்டம் சேர்த்தால், சொன்ன நாளில் சரக்குக் கொடுக்க முடியாமல் போகும். அந்தப் பெயர் ஊருக்குள் அடுத்த வருஷம் வரை நிற்கும்.

தள்ளுபடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜவுளிக்கடைகளின் ஆடித் தள்ளுபடியைப் பாருங்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, வியாபாரம் மந்தம். பழைய சரக்கைத் தள்ளி, தீபாவளிச் சரக்குக்கு இடம் பண்ண வேண்டும். அந்த மாதத்தில் விலையைக் குறைப்பதற்கு நியாயம் இருக்கிறது. பலகாரத் தொழிலிலும் அப்படி மந்தமான மாதங்கள் உண்டு. அப்போது பொடிக்கும் ஊறுகாய்க்கும் தள்ளுபடி போடுங்கள். முறுக்கு தானாக விற்கிற மாதத்தில் வேண்டாம்.

டெலிவரியை இலவசமாக்குவது

தள்ளுபடிக்கும் இதற்கும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். வாங்குகிறவர் மனதில் இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. 400 ரூபாய் என்று பார்த்து ஆசைப்பட்டவருக்குக் கடைசியில் "கொரியர் சார்ஜ் தனி" என்று பதில் போனால், அங்கே அவர் நின்றுவிடுகிறார். எவ்வளவு தனி என்று மறுபடி கேட்க வேண்டும், பின்கோடு அனுப்ப வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஐம்பது ரூபாய்க்காகப் பின்வாங்கினார் என்று நாம் நினைப்போம். மொத்தம் எவ்வளவு என்பது ஒரே தடவையில் தெரியாததால்தான் அவர் பின்வாங்கியிருப்பார்.

அதே கணக்கைத் தொடர்வோம். உள்ளூரில் கொண்டுபோய்க் கொடுக்க ஐம்பது ரூபாய் ஆகிறது. ஒரு கிலோ ஆர்டருக்கு அதை நீங்கள் ஏற்றால் 120இல் 70தான் மிச்சம். தள்ளுபடியில் மிஞ்சும் 80 ரூபாயைவிட இது மோசம். இரண்டு கிலோ ஆர்டர் என்றால் 240இல் 50 போக 190 நிற்கும். தள்ளுபடி கொடுத்திருந்தால் 160தான். ஆகவே எல்லாருக்கும் இலவசம் என்று போடாமல் "800 ரூபாய் முதல் ஊருக்குள் டெலிவரி இலவசம்" என்று போடுவதுதான் சரி. 400 ரூபாய்க்கு வாங்க வந்தவர், இன்னொரு கிலோ தட்டை சேர்த்துக்கொண்டால் டெலிவரி இலவசம் என்று தானே கணக்குப் போடுவார்.

வெளியூர் என்றால் கணக்கு மாறும். கொரியரும் தபாலும் எடையைப் படிப்படியாகத்தான் கணக்கிடுகின்றன. ஒரு படியை இருபது கிராம் தாண்டினாலும் அடுத்த படியின் காசு. ஒரு கிலோ முறுக்கை அட்டைப்பெட்டியில் போட்டால் பெட்டியின் எடை சேர்ந்து படியைத் தாண்டிவிடும். அதனால் வெளியூர் காம்போவை முதலில் எடையிலிருந்து தொடங்கிக் கட்டுங்கள். 400 கிராம் முறுக்கு, 250 கிராம் தட்டை, 200 கிராம் பருப்புப் பொடி, பெட்டியும் சேர்த்து ஒரு கிலோவுக்குள் அடங்குகிறது என்றால் "தமிழ்நாடு முழுக்க வீட்டுக்கு வந்து சேர 550 ரூபாய்" என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியும். (இந்த எண்ணும் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் கொரியர்காரரிடம் கேட்டு உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.) பெட்டிக்குள் இடம் மிச்சம் இருந்தால் முறுக்கு உடையும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உடைந்து போன முறுக்கைச் சீர்தட்டில் வைக்க முடியாது.

இதில் இன்னொரு நல்ல வழி, சலுகையை நாளோடு சேர்ப்பது. "தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே எடுத்துக்கொள்பவர்களுக்கு டெலிவரி இலவசம்." முறுக்கும் தட்டையும் காற்றுப் புகாத டப்பாவில் அத்தனை நாள் தாங்கும் என்பதால் வாங்குகிறவருக்கு நஷ்டம் இல்லை. கடைசி மூன்று நாள் நெருக்கடியில் பாதி முன்னால் நகர்ந்துவிடும். உங்கள் பாரத்தையும் அவர் அலைச்சலையும் சேர்த்துக் குறைக்கிற சலுகை இது. நான் இந்தத் தொழிலில் இருந்திருந்தால் முதலில் இதைத்தான் போடுவேன்.

சின்ன பாக்கெட்

புதிதாக வருகிறவருக்கு விலையைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு: பிடிக்குமா என்று தெரியாது. அரைக் கிலோ வாங்கி, எண்ணெய் வாடை அடித்தால் என்ன செய்வது என்ற யோசனை. கடை என்றால் கண்ணாடி ஜாடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கையில் கொடுப்பார்கள். போனில் விற்பவர் அதைச் செய்ய முடியாது. அதற்குப் பதில்தான் நூறு கிராம் பாக்கெட்.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஒரு பெரிய சான்று இருக்கிறது. ஷாம்பூ பாட்டிலில் மட்டும் விற்ற காலத்தில் அதைச் சின்ன சாஷேயில் அடைத்துக் கொடுத்தவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கிய தொழில்தான் சிக் ஷாம்பூவாகி, பிறகு கெவின்கேர் ஆனது. அவர்கள் கொடுத்த ஒரு சலுகையைக் கவனியுங்கள். காலி சாஷேக்களைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் ஒரு சிக் சாஷே இலவசம். முதலில் எந்தக் கம்பெனியின் காலி உறையாக இருந்தாலும் வாங்கிக்கொண்டார்கள், பின்னால் சிக் உறை மட்டும் என்று மாற்றினார்கள். கூப்பன் வெட்டி அஞ்சலில் அனுப்பு, பெயர் முகவரி எழுது என்ற எந்த வேலையும் வாங்குகிறவருக்கு இல்லை. குப்பையில் போடுவதைக் கொண்டுபோய், தினமும் போகிற அதே பெட்டிக்கடையில் கொடுத்தால் போதும். பிறகு ஐம்பது பைசாவுக்கும் சாஷே வந்தது. கிராமத்தில் அன்றாடக் கூலி வாங்குகிறவர் கையில் இருக்கிற காசுக்கு ஒரு நாள் தலைக்குளியல் என்று பொருளின் அளவை மாற்றினார்கள்.

பலகாரத்துக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? நூறு கிராம் பாக்கெட்டைக் கிலோ விலைக்குக் கணக்குப் போட்டால் 40 ரூபாய் வரும், பாக்கெட் செலவு சேர்த்து 50க்கு விற்கலாம். இதில் நீங்கள் எதையும் இழக்கவில்லை. முதல் பெரிய ஆர்டரில் அந்த ஐம்பதைக் கழித்துக்கொள்வதாகச் சொன்னால், சலுகையும் ஆயிற்று. அப்புறம், பழைய வாடிக்கையாளர் ஒருவர் ஆர்டர் செய்யும்போது பெட்டிக்குள் புதிய பொடி ஒன்றின் சின்ன பாக்கெட்டைப் போட்டு அனுப்புங்கள். எந்த ரீல்ஸும் இவ்வளவு விற்காது.

தீபாவளிச் சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதாமாதம் கொஞ்சம் கட்டி, தீபாவளிக்குப் பலகாரமும் பட்டாசுமாக வாங்குவது நம் ஊர்களில் வெகுகாலமாக இருக்கிற பழக்கம். மொத்தமாகப் பணம் புரட்ட முடியாத குடும்பத்துக்கு அதைப்போல வசதி வேறில்லை. ஆனால் செய்யாறு பக்கம் பெரிய சீட்டு மோசடிகள் வெளிவந்த பிறகு மக்கள் பயந்துபோயிருக்கிறார்கள். ஒழுங்குமுறைக்குள் வராத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டமும் 2019 முதல் இருக்கிறது. ஆடிட்டரைக் கேட்காமல் இதில் இறங்காதீர்கள். "பாதி இப்போது, பாதி கையில் வாங்கும்போது" என்பதே பலருக்குப் போதும்.

ரீல்ஸா, ரேட் லிஸ்ட்டா?

எதை எழுதுவது, எதைப் படமாகப் போடுவது என்பதில்தான் சிறு தொழில்கள் அதிகமாகத் தடுமாறுகின்றன, ஆனால் இதைச் சரிசெய்ய அநேகமாகக் காசே ஆகாது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அழகான அதிரசப் படம். கீழே "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க சிஸ்டர்." ஏன் இப்படிப் போடுகிறோம்? போட்டிக்காரருக்கு விலை தெரியக்கூடாது, வந்து பேசினால் ஆர்டர் பிடித்துவிடலாம் என்ற எண்ணம். போட்டிக்காரர் வேறொரு நம்பரிலிருந்து கேட்டு இரண்டு நிமிஷத்தில் தெரிந்துகொள்வார். தெரியாமல் போவது வாங்க நினைத்தவருக்குத்தான். விலை கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்ல நம் ஆட்களுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தாலேயே கேட்காமல் கடந்துபோகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கு ஒருநாளும் தெரியாது, ஏனென்றால் அவர்கள் உங்களிடம் பேசவே இல்லை.

ஒரு பக்க ரேட் லிஸ்ட். ஒரே படம். அதில் என்னென்ன இருக்க வேண்டும்? வாங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் போனில் பழைய உரையாடல்களைப் புரட்டினால் அந்தக் கேள்விகள் அப்படியே கிடக்கும். கிலோ எவ்வளவு? எந்த எண்ணெய்? எத்தனை நாள் தாங்கும்? வெங்காயம், பூண்டு சேர்த்ததா? எப்போது ஆர்டர் கொடுத்தால் எப்போது கிடைக்கும்? எங்கள் ஊருக்கு அனுப்புவீர்களா?

பலகாரத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நீங்கள் கிலோவில் விலை போடுகிறீர்கள். சீருக்கும் வளைகாப்புக்கும் வாங்குகிறவர் எண்ணிக்கையில் யோசிக்கிறார். அவருக்கு 51 அதிரசம் வேண்டும், 101 முறுக்கு வேண்டும். "கிலோவுக்கு எத்தனை வரும்?" என்று கேட்டு, நீங்கள் சொல்லி, அவர் பெருக்கிப் பார்த்து, மாமியாரைக் கேட்டுவிட்டு வருவதற்குள் இன்னொரு கடையில் சொல்லியாயிற்று. ரேட் லிஸ்ட்டில் கிலோ விலைக்குப் பக்கத்திலேயே "கிலோவுக்கு சுமார் இத்தனை" என்றும், "101 எண்ணிக்கை இவ்வளவு ரூபாய்" என்றும் ஒரு வரி போடுங்கள். இந்த ஒரு வரி கொடுக்கும் வசதியைப் பத்து சதவீதத் தள்ளுபடியால் கொடுக்க முடியாது.

படமாக அனுப்பும்போது அதோடு எழுத்தாகவும் அதே விவரத்தை அனுப்புங்கள். படத்தில் உள்ள எழுத்தைச் சின்ன போனில் பெரிதாக்கிப் பார்ப்பது வயதானவர்களுக்குச் சிரமம், எழுத்தாக இருந்தால் எடுத்து அண்ணிக்கு அனுப்புவதும் சுலபம். பிடிஎஃப் வேண்டவே வேண்டாம். டைப் செய்யச் சிரமப்படுகிறவர்கள் வாய்ஸ் அனுப்புவார்கள். அவர்களுக்கு வாய்ஸிலேயே பதில் சொல்லி, மொத்தத் தொகையை மட்டும் எழுத்தில் போட்டுவிடுங்கள்.

பணம் கட்டும் இடத்திலும் இப்படி ஒரு முள் இருக்கிறது. க்யூஆர் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "ஸ்கேன் பண்ணுங்க" என்கிறோம். படம் வந்திருப்பது அவர் போனில், ஸ்கேன் செய்ய வேண்டியதும் அதே போனில். படத்தைச் சேமித்து, கேலரியிலிருந்து எடுத்துப் போடத் தெரிந்தவர்கள் செய்துவிடுவார்கள். தெரியாதவர்கள் "பையன் வந்ததும் போடச் சொல்றேன்" என்று விட்டுவிடுவார்கள். யுபிஐ ஐடியையோ, ஜிபே நம்பரையோ எழுத்தாக, தனி மெசேஜாக அனுப்பினால் அழுத்திப் பிடித்து நகலெடுத்துக்கொள்வார்கள். 2016இல் வந்த யுபிஐயில் 2020 ஜனவரியிலிருந்து வியாபாரிக்குக் கட்டணப் பிடித்தம் கிடையாது. கார்டில் ஆகும் செலவு உங்களுக்கு இதில் இல்லை என்பதால், அந்த வழியை வழுவழுவென்று வைத்துக்கொள்ளாமல் இருப்பதற்குக் காரணமே இல்லை.

ரீல்ஸ் எதற்கு என்றால், உங்களைத் தெரியாதவர் உங்களைத் தெரிந்துகொள்ள. கை முறுக்குச் சுற்றுவதைப் பார்க்க எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் பார்த்தவர் அடுத்த நிமிஷம் வாங்க நினைத்தால் எங்கே போவார்? விலையும் ஊரும் ஆர்டர் நம்பரும் வீடியோவிலேயே இல்லை என்றால், லட்சம் பேர் பார்த்தும் அடுப்புக்கு வேலை வராது. ரேட் லிஸ்ட்டை முதலில் முடியுங்கள், ரீல்ஸ் அப்புறம்.

கடையாகவோ, வீட்டு வாசலிலோ நேரில் விற்கிறவர்கள் கூகுள் மேப்பில் தங்கள் இடத்தைப் பதிவுசெய்து நேரத்தைச் சரியாகப் போட வேண்டும். இலவசம். ஞாயிறு விடுமுறையா, மதியம் பூட்டுவீர்களா, பண்டிகை அன்று உண்டா என்பதை அதிலேயே மாற்றலாம். வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து பூட்டிய கதவைப் பார்த்தவர் மறுபடி வருவது சந்தேகம்.

எங்கே ஆர்டர் எடுப்பது?

வாட்ஸ்அப், சொந்த வெப்சைட், பெரிய தளங்கள். இந்த மூன்றில் வாங்குகிறவருக்கு மிக வசதியானது பெரிய தளம்தான், அதை மறைத்துப் பேசக்கூடாது. முகவரி ஏற்கனவே இருக்கிறது, பணம் கட்டும் வழி இருக்கிறது, பிரச்சினை என்றால் புகார் சொல்ல இடம் இருக்கிறது. ஆனால் அந்த வசதிக்கு உங்களிடமிருந்து கமிஷன் போகிறது, அனுப்பும் செலவு போகிறது, அதைவிட முக்கியமாக, வாங்கியவரின் தொடர்பு தளத்திடம் நின்றுவிடுகிறது. அடுத்த தீபாவளிக்கு அவருக்கு நீங்கள் ஒரு மெசேஜ்கூட அனுப்ப முடியாது. கமிஷன் பிரச்சினை சின்னது இல்லை. 2025 ஜூலையில் நாமக்கல் ஓட்டல்காரர்கள் கமிஷன் தாங்கவில்லை என்று உணவு டெலிவரி ஆப்களுக்குச் சாப்பாடு தருவதையே நிறுத்தினார்கள்.

சட்டத்திலும் சில விஷயங்கள். வரிக்குரிய பொருளை வெளிமாநிலத்துக்கு விற்பதென்றால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். தளங்கள் வழியாக விற்க ஒரு காலத்தில் எல்லாருக்கும் பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், ஜிஎஸ்டி பதிவுக்கான விற்றுமுதல் வரம்பைத் தாண்டாதவர்கள் சொந்த மாநிலத்துக்குள் மட்டும் பதிவில்லாமல் தளத்தில் பொருள் விற்கலாம். ஆகவே "இந்தியா முழுக்க அனுப்புவோம்" என்று எழுதுவதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை. எங்கே விற்றாலும் பாக்கெட்டில் தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, எம்ஆர்பி, தயாரித்த தேதி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், புகாருக்கான தொடர்பு இருக்க வேண்டும். இதைச் சட்டத் தொல்லை என்று பார்க்காதீர்கள். கடைப் பெயர் தெரியாதவர் நம்பி வாங்குவதற்கு அந்தச் சின்ன ஸ்டிக்கர்தான் வேலை செய்கிறது.

பொடி, வத்தல், ஊறுகாய் மாதிரி மாதக்கணக்கில் தாங்கும் பொருளுக்குப் பெரிய தளம் பொருந்தும். மூன்றே வகையோடு தொடங்கிப் பார்க்கலாம். அதிரசத்துக்கும் கை முறுக்குக்கும் பொருந்தாது, முதலாவது அதிக நாள் தாங்காது, இரண்டாவது கை மாறும்போதெல்லாம் உடையும்.

சொந்த வெப்சைட்டை நிறையப் பேர் கௌரவத்துக்காகப் போடுகிறார்கள். அக்கவுண்ட் திற, ஓடிபி போடு, பாஸ்வேர்டு வை என்று கேட்கிற வெப்சைட், வாட்ஸ்அப்பில் "அக்கா, ரெண்டு கிலோ முறுக்கு" என்று ஒரு வரி அனுப்பிப் பழகியவருக்குப் பின்னோக்கிப் போவதுதான். வெப்சைட்டில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்கு ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு பங்கு போகும். வெப்சைட் உண்மையிலேயே தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது: பணம் கட்டுகிறவர் ஓர் ஊரில், பலகாரம் போய்ச் சேர வேண்டியது வேறு ஊரில். சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் மகள் மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்ப நினைக்கிறாள். அவளுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கலாம். அவள் கையில் இருப்பது வெளிநாட்டு கார்டு. அப்படிப்பட்ட ஆர்டர்கள் மாதம் தவறாமல் வருகின்றன என்றால், வெளிநாட்டு கார்டை ஏற்கும் ஒரு பக்க வெப்சைட் போடுங்கள். அதில் அனுப்புகிறவர் நம்பருக்கும் பெறுகிறவர் நம்பருக்கும் தனித்தனி இடம் வையுங்கள். அம்மாவின் நம்பர் இல்லாமல் கொரியர்க்காரர் மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் பெட்டி திரும்பி வரும்.

மற்றவர்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் போதும். கேட்லாக்கில் படம், எடை, விலை போடலாம். அடிக்கடி கேட்கும் கேள்விக்கான பதில்களைச் சேமித்துவைத்து ஒரே தட்டலில் அனுப்பலாம், ஆர்டர்களுக்கு லேபிள் ஒட்டலாம், கடை மூடிய நேரத்தில் தானாகப் பதில் போகும்படி வைக்கலாம். ஒரே மெசேஜைப் பலருக்கும் ஒருசேர அனுப்பும் பிராட்காஸ்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர், அதுவும் உங்கள் நம்பரைச் சேமித்திருப்பவர்களுக்குத்தான் போய்ச்சேரும். அதனால் பாக்கெட்டில் "இந்த நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள், அடுத்த பட்டியல் அதில்தான் வரும்" என்று ஒரு வரி அச்சிடுங்கள். நினைத்தபோதெல்லாம் மெசேஜ் அனுப்பித் தொல்லை பண்ணாதீர்கள். மாதம் ஒன்றோ இரண்டோ போதும்.

வாட்ஸ்அப்பின் பலவீனம் ஒன்றுதான்: பதில் சொல்ல ஒரு மனுஷர் வேண்டும். எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பவரால் போனைத் தொட முடியாது. மூன்று மணி நேரம் கழித்துப் பதில் போகிறது, அதற்குள் அவர் வேறு இடத்தில் வாங்கிவிட்டார். வாடிக்கையாளர் வசதி என்றால் ராத்திரி பதினொரு மணிக்கும் போன் எடுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. "காலை 10 முதல் இரவு 8 வரை, ஒரு மணி நேரத்துக்குள் பதில்" என்று போட்டு, அதைக் காப்பாற்றினால் போதும். எப்போது பதில் வரும் என்று தெரிந்தால் மக்கள் காத்திருக்கத் தயங்குவதில்லை.

இனி அந்தப் பத்தாயிரம். நான் பிரிப்பது இப்படி. ரேட் லிஸ்ட், கேட்லாக், கூகுள் மேப் பதிவு மூன்றுக்கும் செலவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பெரிய பங்கை, ஐயாயிரம் வரை, தீபாவளிக்கு முந்தின மூன்று வாரமும் போனைப் பார்க்க, பில் போட, பார்சலில் முகவரி ஒட்டப் பகுதி நேரமாக ஓர் ஆளுக்குக் கொடுப்பேன். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணாக இருந்தாலும் சரி. சின்ன பாக்கெட்டுகளுக்கும் லேபிளுக்கும் இரண்டாயிரம். மீதி மூவாயிரம், பத்து நாள் முன்பே எடுத்துக்கொள்பவர்களின் டெலிவரிக்கு. ஐம்பது ரூபாய் வீதம் அறுபது ஆர்டருக்கு வரும். அறுபது முடிந்ததும் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டு, ரேட் லிஸ்ட்டிலும் அதே நாளில் மாற்ற வேண்டும்.

ஏற்கனவே ஆர்டர்கள் குவிந்து, சரக்குக் கொடுக்க முடியாமல் திணறுகிறவர் என்றால் சலுகைப் பணம் முழுவதையும் ஆள் கூலியில் போடலாம். புதிதாக ஆரம்பித்து, சொந்தக்காரர்களைத் தவிர யாருக்கும் தெரியாதவர் என்றால் சின்ன பாக்கெட்டுக்கே பாதிப் பணத்தைக் கொடுத்து, தெருவில் உள்ள மளிகைக் கடைகளிலும் அலுவலக வாசல் டீக்கடைகளிலும் தொங்கவிடலாம். வெளியூர் ஆர்டர் எடுக்கிறவர்கள் யாராக இருந்தாலும் ஒரு தேதியை இப்போதே முடிவு செய்யுங்கள். பண்டிகைக்கு முந்தின வாரம் கொரியர் அலுவலகங்களில் பெட்டிகள் தேங்கும். கொரியர்காரரிடம் கேட்டு, அவர் சொல்வதற்கும் இரண்டு நாள் முன்னதாக "வெளியூர் ஆர்டருக்குக் கடைசித் தேதி" என்று ரேட் லிஸ்ட்டின் மேல் வரியிலேயே போடுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு யார் கெஞ்சினாலும், எவ்வளவு கூடுதலாகத் தருவதாகச் சொன்னாலும் வெளியூருக்கு எடுக்காதீர்கள். உள்ளூர் அடுப்புக்கே அப்போது நேரம் சரியாக இருக்கும்.